தீபாவளிக்கு அலமாரிக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

ஒரே வாரத்தில் மூன்று தேக்கு அலமாரிகள், மூன்றும் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கோடு எங்கள் தச்சுப் பட்டறைக்கு வந்திருக்கின்றன. தீபாவளிக்குப் புதுச் சாமான் வாங்காமல், இருப்பதை வைத்தே வீட்டைப் புதுசாக்குவது நல்ல காரியம். ஆனால் யாங்கோன் வீடுகளில் அது தாத்தா காலத்து மரத்தைக் கெடுப்பதில்தான் போய் முடிகிறது.

"மரம் காஞ்சு போச்சு, கொஞ்சம் எண்ணெய் குடிக்கட்டும்" என்கிறார்கள். அறுத்துச் செய்த பலகைக்கு ஊட்டம் என்று ஒன்று கிடையாது. தேக்குக்கு அதனுள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. மங்கித் தெரிவது மேலே கிடக்கும் பழைய பாலிஷும் அழுக்கும்தான், மரமல்ல. தேங்காய் எண்ணெய் எத்தனை மாதமானாலும் காயாது. நல்லெண்ணெயும் சரியாகக் காயாது. பூசிய அன்று பளபளக்கும். பிறகு தூசி அப்பும், சிக்கு வாடை அடிக்கும், ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். அதைவிடக் கொடுமை, அதன்மேல் வார்னிஷ் பிடிக்கவே பிடிக்காது; அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும், இல்லாவிட்டால் தோலாக உரியும். தயவுசெய்து சமையல் எண்ணெயைச் சமையலறையிலேயே விடுங்கள்.

பூசிவிட்டீர்களா? டர்பன்டைனில் நனைத்த துணியால், ஜன்னலைத் திறந்துவைத்து, இழை போகும் திசையில் துடையுங்கள். துணியை மாற்றி மாற்றி மூன்று தடவையாவது துடைக்க வேண்டும். பிசுக்கு போவதற்கு முன் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், வேலை ஆகாது. எண்ணெய்தான் வேண்டுமென்றால், பாலிஷ் இல்லாத வெற்று மரத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய். மெல்லிசாக ஒரு கை பூசி, 15 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுக்கவும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயவையுங்கள்.

அடுத்தது, இறுகிப்போன இழுப்பறை. மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழையில் பலகை அகலவாக்கில் ஊதியிருக்கும். தீபாவளி வருவது அது இன்னும் வற்றாத நேரம். அவசரப்பட்டு இழைப்புளி போட்டால் ஜனவரியில் விரல் நுழையும் இடைவெளியோடு லொடலொடவென்று ஆடும். சீவிய மரத்தை ஒட்டவைக்க எந்த ஆசாரியாலும் முடியாது. உரசும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு விடுங்கள். பொங்கலுக்குப் பிறகும் இறுகினால் அப்போது சீவலாம். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசும் ஸ்பிரிட் பாலிஷும் அதுவரை காத்திருக்கட்டும். ஈரக்காற்றில் போட்டால் வெள்ளை பூத்துவிடும்.

அப்படியானால் தீபாவளிக்கு என்னதான் செய்வது? இடத்தை மாற்றுங்கள், வீடே வேறாகத் தெரியும். முன்னறையில் நெருக்கியடித்து நிற்பதில் பாதியை உள்ளே அனுப்புங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் ஒட்டி நின்ற முதுகுப் பலகையில் பூஞ்சணமோ, கறையான் மண்கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். இலவம்பஞ்சுத் தலையணைகளை ஒரு முழுநாள் வெயிலில் போட்டால் உப்பி வரும். பழைய பட்டுப்புடவை முந்தானையை திண்டு உறையாக்கலாம், ஆனால் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் பட்டு கிழியும்.

நகர்த்தும்போது இழுக்காதீர்கள். சாமான்களை எடுத்துவிட்டு, இரண்டு பேர் அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். இழுத்தால் காலைச் சட்டத்தோடு இணைக்கும் கழுந்து முறியும். அந்த வேலைக்குத்தான் பட்டறையில் அதிகம் செலவாகிறது.

உயரமான அலமாரியின் மேல்சட்டத்தை இரண்டு 'L' வடிவ இரும்புத் தகடுகளால் சுவரோடு திருகிவிடுங்கள். 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலம் குலுங்கிய நாடு இந்த மியான்மர். குலுக்கமே வேண்டாம், திறந்த இழுப்பறையில் ஒரு பிள்ளை ஏறினாலே போதும், அலமாரி முன்னால் சாயும். கண்ணாடிப் பாத்திரங்களைத் திரும்ப அடுக்குவதற்கு முன்பே அந்தத் திருகாணிகளை இறுக்கிவிடுங்கள்.