கால் எலும்பு முறிவு: செயற்கை எலும்புத் துகள் யாருக்குத் தேவை?

தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி நாற்கரச் சாலை விபத்துகளில் பைக்கில் வந்தவர்களுக்கு அதிகம் உடைவது முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பு. அதன் முன்பக்கத்தை மூடியிருப்பது வெறும் தோல்தான், சதை கிடையாது. அதனால் உடைந்த முனை எளிதில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கணுக்கால் பக்கம் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் கூடுவதும் தாமதமாகும்.

"எலும்புப் பொடி வைத்தால் சீக்கிரம் கூடிடுமா டாக்டர்?" என்று செயற்கை எலும்புத் துகளைப் பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை. நடுவில் உடைந்து, ராடு போட்டு முனைகள் நன்றாகச் சேர்ந்துவிட்டால் தானாகவே கூடும். முழங்கால் மூட்டில் டிபியாவின் மேல்தட்டு அமுங்கிய முறிவு வேறு கதை. தட்டைத் தூக்கி நிறுத்தினால் அடியில் வெற்றிடம் உண்டாகும். அதை நிரப்பாவிட்டால் தட்டு மறுபடி இறங்கி மூட்டுத் தேய்மானத்தில் முடியும். 2 செ.மீ.க்கு மேல் எலும்பே இல்லாமல் போன இடத்திலும் ஏதாவது நிரப்பியாக வேண்டும்.

இன்றும் முதலிடம் நோயாளியின் சொந்த இடுப்பு எலும்புக்குத்தான். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ஆனால் கிடைக்கும் அளவு குறைவு. எடுத்த இடத்தில் வலி சில மாதம் நீடிக்கலாம். செயற்கைத் துகள் கட்டடத்துச் சாரம் மாதிரி. புது எலும்பு ஏறி வளர இடம் தரும், அவ்வளவே. அதில் சில வகைகள் உண்டு. கால்சியம் சல்ஃபேட் ஒன்றரை முதல் மூன்று மாதத்தில் கரைந்துவிடும். டிரைகால்சியம் பாஸ்பேட் கரைய ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். ஹைட்ராக்சிஅபடைட் பல வருடம் அப்படியே கிடக்கும். கால்சியம் சல்ஃபேட்டில் வான்கோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்தும் வைப்பதுண்டு. அப்போது தையலில் வெள்ளையாக நீர் கசியலாம். எல்லாக் கசிவும் சீழ் அல்ல. ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் அன்றே வாருங்கள்.

துகள் வைத்தும் கூடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் துகள் அல்ல. பிளேட் ஆட்டம் காண்பது, செத்த எலும்பும் கிருமியும் உள்ளே தங்கிவிடுவது, கட்டுப்படாத சர்க்கரை, பீடி இவையே. பீடியை விடாதவருக்கு எவ்வளவு விலையுள்ள துகளும் வீண்தான். பாதியில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு எண்ணெய்க் கட்டுக்குப் போவதும் இந்தப் பக்கம் நடக்கிறது. அசைந்துகொண்டே இருக்கும் எலும்பு ஒன்று சேராது.

எக்ஸ்ரேயில் துகளும் வெள்ளையாகத் தெரிவதால் கூடிவிட்டது என்று நினைத்துக் காலை ஊன்றிவிடுகிறார்கள். கூடிவிட்டது என்று சொல்ல, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படங்களில் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது எலும்பு பாலம் கட்டியிருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு நீரைப் பல வருடம் குடித்தவர்களின் எலும்பும் படத்தில் அடர்த்தியாகத் தெரியும். ஆனால் எளிதில் நொறுங்கும்.

எந்தத் துகள், எவ்வளவு, எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வேறு ஊரில் காட்ட நேர்ந்தால் அந்தப் படத்தைப் படிக்க அது இல்லாமல் முடியாது.