தீக்குழியும் என்கெபலினும்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு வந்தால் இந்தக் கேள்வியும் வரும்: "மூளையில் மோபின் என்ற வலிநிவாரணி மாதிரி ஏதோ சுரக்கிறதாமே, அதனாலா கால் சுடுவதில்லை?"

பாதிதான் சரி. கால் வேகாததற்கும் மூளைக்கும் தொடர்பில்லை. மரக்கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், சாம்பல் மூடினால் இன்னும் மெதுவாக. நடக்கிற வேகத்தில் ஒவ்வோர் அடியும் தணலில் படுவது கொஞ்ச நேரமே. பட்ட சூடு எவ்வளவு வலிக்கிறது என்பதில்தான் மூளையின் கை இருக்கிறது.

1975இல் ஸ்கொட்லாந்தின் அபடீனில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த பெப்ரைட்டுக்கு, அதாவது குட்டி அமினோ அமிலச் சங்கிலிக்கு, என்கெபலின் என்று பெயர். ஐந்தே அமினோ அமிலங்கள்: தைரோசின், இரண்டு கிளைசின், பீனைல்அலனைன், கடைசியில் மெதியோனின் அல்லது லியூசின். முதலில் நிற்கும் தைரோசின் மோபினின் ஒரு பகுதியை ஒத்திருப்பதால் இரண்டும் நரம்புக்கலத்தின் ஒரே வாங்கியில் (சைகையை ஏற்கும் புரதத்தில்) பொருந்துகின்றன.

வேலை நடப்பது முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணின் பின்பக்கத்தில், பின்கொம்பு என்ற இடத்தில். பாதத்திலிருந்து வரும் வலிநரம்பு அங்கே சைகைப்பொருள்களான குளுத்தமேற்றையும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்ரைட்டையும் கொட்டினால்தான் அடுத்த நரம்புக்கலம் விழிக்கும். கொட்டுவதற்கு நரம்பு முனைக்குள் கல்சியம் நுழைய வேண்டும். மூளைத்தண்டிலிருந்து கட்டளை இறங்கியதும் அருகிலுள்ள சிறு நரம்புக்கலங்கள் என்கெபலினை விடுகின்றன. அது வாங்கியில் அமர்ந்ததும் கல்சியக் கால்வாய்கள் அடங்கிவிடும். சைகை வந்து சேர்ந்தும் கொட்டுவது குறைந்துபோகும். அடுத்த கலத்திலோ அதே என்கெபலின் பொற்றாசியக் கால்வாயைத் திறக்கிறது. நேரேற்றம் வெளியேற, உள்ளே மறையேற்றம் கூடுகிறது. தப்பி வந்த கொஞ்சம் அதை எழுப்பப் போதாது. அனுப்புகிற பக்கத்தில் ஒரு கதவை மூடி, வாங்குகிற பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து, இரண்டாலும் ஒரே வலியைத் தணிக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை தரம் படித்தாலும் அலுக்காது. வேலை முடிந்ததும் நெப்ரிலைசின் போன்ற நொதியங்கள் அதை வெட்டிப்போடும். ஊசி மருந்தாக அது உதவாததும் இதனால்தான்.

நம்பிக்கைக்கும் இதில் பங்குண்டு. கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் செய்து 1978இல் வெளியான ஆய்வில், மருந்துச்சத்து இல்லாத வெற்றுமருந்திலேயே வலி குறைந்தவர்களுக்கு நலொக்சோன் ஏற்றியதும் வலி திரும்பக் கூடியது. நலொக்சோன் அந்த வாங்கிகளை அடைத்துவிடும்.

ஆனால் என்கெபலின் தடுப்பது செய்தியை மட்டுமே, புண்ணை அல்ல. "கால் சுட்டால் விரதம் பிழை" என்று பழிப்பது அநியாயம். வெட்கத்தில் ஆட்கள் கொப்புளத்தை மறைத்துக்கொள்கிறார்கள். விரலிடுக்கில் ஒரு தணல் துண்டு ஒட்டினாலே போதும், எவருக்கும் சுடும். இறங்கியவுடன் வலி தெரியாவிட்டாலும் பாதத்தைப் பாருங்கள். சுட்டிருந்தால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள்; ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் தீக்குழியில் இறங்கவே கூடாது. இறங்கிவிட்டால், சிறு கொப்புளம் என்றாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.