துன்னல்: ‘குயில்ட்’ என்ற சொல்லும் ரீயூனியன் தீவின் ‘தாப்பி மாந்தியானும்’

குயில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே அழகுக்கான துணியும், நடுவே பஞ்சும், அடியில் உள்துணியும் வைத்து, மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையலால் அவற்றைப் பிணைப்பார்கள்; அந்தத் தையலுக்கே குயில்ட்டிங் என்று பெயர். துண்டுத் துணிகளை மூட்டி மேலடுக்கை உருவாக்குவது பேட்ச்வொர்க் எனப்படும் வேறொரு வேலை. ஒரே துணியாலான மேலடுக்கைக் கொண்டும் குயில்ட் செய்யலாம். பஞ்சும் உள்துணியும் இல்லாமல் துண்டுகளை மட்டும் இணைத்தும் விரிப்பு செய்யலாம். இரண்டையும் ஒன்றாகக் கருதி ‘ஒட்டுத்துணிப் போர்வை’ என்று தமிழில் எழுதிவிடுவது வழக்கமாகியிருப்பதால், குயில்ட்டின் உயிரான தையல் அந்தப் பெயரில் இடம்பெறாமலே போகிறது.

லத்தீனில் ‘குல்கிட்டா’ என்றால் மெத்தை அல்லது திண்டு. அது பழைய பிரெஞ்சில் ‘குயில்ட்’ என்றும் ‘கூட்’ என்றும் திரிந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய தீவான ரீயூனியனில் நாங்கள் அன்றாடம் பேசும் பிரெஞ்சில் இதே வேரிலிருந்து வந்த ‘கூர்த்புவாந்த்’ என்ற சொல் இன்றும் உண்டு. அதன் முற்பகுதி மெத்தை. பிற்பகுதி குத்துதல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஊசியால் குத்தித் தைத்த மெத்தை என்று பொருள் கொண்டால், பொருளும் செய்முறையும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கியிருப்பது விளங்கும்.

இத்தீவுக்கே உரிய துண்டுத்துணி விரிப்பைக் கிரியோல் மக்கள் ‘தாப்பி மாந்தியான்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரவலன் விரிப்பு. சட்டை தைத்து மிஞ்சியது, பழைய பாவாடையில் நையாத பகுதி, திரைச்சீலையின் ஓரம் என்று எது கிடைத்தாலும் அதை அறுகோணமாக வெட்டிச் சேர்த்த விரிப்பு அது. ரீயூனியனை வெப்பத் தீவு என்று மட்டுமே அறிந்தவர்களுக்குப் போர்வையைப் பற்றிய இந்தப் பேச்சு வியப்பாக இருக்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்திலுள்ள பிளேன் தே காஃப்ர் பகுதியில் ஜூலை, ஆகஸ்ட் மாத இரவுகளில் உறைபனி படிவதுண்டு.

தீவின் சாந்த் ஆந்த்ரே ஊரில் என் அண்டை வீட்டுக் கிரியோல் மூதாட்டியிடம்தான் இந்தக் கைவேலையைக் கற்கத் தொடங்கினேன். நடுவயதைக் கடந்து, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படும் காலத்தில் தொடங்கியும், இனி வாழ்நாள் முழுதும் என்னுடன் வரப்போவது இதுவே என்று ஏழு அறுகோணத் துண்டுகளைச் சேர்த்த முதல் பூ முடிந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பூவைச் செய்யும் முறை எளிது. தடித்த தாளில் பக்கம் இரண்டரை செண்டிமீட்டர் இருக்கும்படி அறுகோணம் வெட்டிக்கொள்ள வேண்டும்; அதைவிடச் சுற்றிலும் ஆறு மில்லிமீட்டர் பெரிதாகத் துணியை வெட்டி, தாளின் மேல் வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து இழையோட்ட வேண்டும். மடிப்பு ஒவ்வொரு முனையிலும் கூர்மையாக விழுவதற்கு நகத்தால் அழுத்திவிடுவது நல்லது. பின்னர் ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஆறு துண்டுகளை விளிம்போடு விளிம்பாக மூட்டினால் இடைவெளியே இல்லாமல் பூ அமைந்துவிடும். அறுகோணத்தின் கோணம் ஒவ்வொன்றும் 120 பாகை என்பதால் மூன்று முனைகள் ஒரு புள்ளியில் சேரும்போது 360 பாகை நிறைகிறது. தொடங்குநர் மனம் தளராமல் இருப்பதற்கு இந்த வடிவம் பெரிதும் துணைசெய்கிறது: ஒரு துண்டு உள்ளங்கையில் அடங்குகிறது, எந்த இடத்தில் நிறுத்தினாலும் மறுநாள் தொடரலாம், எல்லாப் பக்கமும் மூட்டி முடித்த துண்டிலிருந்து தாளை உருவி மீண்டும் பயன்படுத்தலாம். வண்ணங்களைத் தேடித் தலைநகர் சான் தெனியின் துணிக்கடைகளில் ஏறி இறங்குவது தனி இன்பம். அக்கடைகளில் பல, குஜராத்திலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் தொடங்கியவை.

இரவலன் என்ற பெயர் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது, ஏனெனில் தமிழிலும் இச்சொல்வரலாறு இரவலரைத் தொட்டே செல்கிறது. ‘கந்தை’ என்பது வடமொழியின் ‘கந்தா’விலிருந்து வந்தது, துறவிகள் உடுத்திய ஒட்டுப்போட்ட ஆடையை அது குறித்தது. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலிட்டுச் செய்யும் போர்வைக்கு அதே சொல் இன்று பெருமைக்குரிய பெயராக விளங்குகிறது. தமிழிலோ ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற அறிவுரையில் வறுமையின் அடையாளமாக நின்றுவிட்டது. ஆகவே குயில்ட்டைக் கந்தை என்று மொழிபெயர்க்க மனம் ஒப்பவில்லை.

இதற்குத் தகுந்த பழஞ்சொல் ‘துன்னல்’. சங்கநூலான பொருநராற்றுப்படையில், பரிசில் நாடிச் செல்லும் கலைஞனான வறிய பொருநன் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ உடுத்தி வருகிறான்; வேறு நூல் புகுந்து தைக்கப்பட்ட கந்தல் என்பது பொருள். கரிகாலன் அதை நீக்கி, பாம்பின் உரி போன்ற மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். அங்கே வறுமையைக் காட்டுவது ‘சிதாஅர்’ என்ற சொல்; ‘துன்னல்’ தையலை மட்டுமே குறிக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரின் தொழிலாளரை அடுக்கும்போது ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ என்று தையற்காரரையும் தோல் தைப்போரையும் சொல்லி, அடுத்த அடியிலேயே ‘கிழி’, அதாவது துணி, கொண்டு தொழில் செய்வோரையும் சேர்க்கிறது. தைக்கும் ஊசிக்குத் ‘துன்னூசி’ என்றும் பெயருண்டு. துன்னுதலுக்கு நெருங்குதல், பொருந்துதல் என்ற பொருளும் இருப்பதால்தான் நெருங்கிய நண்பரைத் திருக்குறள் ‘துன்னியார்’ என்கிறது. தொடர்பற்ற துண்டுகளும் அடுக்குகளும் ஒன்றையொன்று நெருங்கிப் பொருந்தும் வேலைக்கு இதைவிட நேரான சொல் எனக்குத் தென்படவில்லை.

எனவே குயில்ட்டிங்கைத் துன்னல் என்றும், குயில்ட்டைத் துன்னற்போர்வை என்றும் நான் எழுதிவருகிறேன். பேட்ச்வொர்க்குக்குக் கிழியிணைப்பு என்பது பொருந்தும். பேச்சில் ஒட்டுத்துணி வேலை என்றாலும் தவறில்லை. தாப்பி மாந்தியான் மட்டும் ஒரு மண்ணின் பெயரைத் தாங்கிய பொருள் ஆதலால் தமிழிலும் அப்பெயராலேயே வழங்கட்டும்.