வேலை செய்யும் இடத்தில் ஊழலைக் கண்டால்: ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

ஜெர்மனியில் ஒரு துப்புரவு நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நகராட்சிப் பள்ளிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தம் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. மாதாமாதம் நகராட்சிக்குப் போகும் பில்லில் பத்துப் பேர். உண்மையில் துடைப்பம் பிடிப்பது ஆறு பேர். மீதி நான்கு பேருக்கும் சேர்த்து நேரச்சீட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேற்பார்வையாளர். நகராட்சியில் பில்லைப் பார்க்கிறவருக்கும் இதில் பங்கு உண்டு என்று பேச்சு.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை போகுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் இந்தக் கேள்விக்கு இன்று எழுத்தில் ஒரு பதில் இருக்கிறது. 2019 அக்டோபர் 23 அன்று நிறைவேறிய 2019/1937 எண் கொண்ட டைரக்டிவ் அது. முறைகேட்டை வெளியே சொல்பவரைப் பாதுகாக்க வந்தது. டைரக்டிவ் என்றால், நீங்கள் நேராக நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். இந்த அளவுக்காவது பாதுகாப்புக் கொடுத்தாக வேண்டும் என்று ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்குப் போடும் உத்தரவு. அதன்படி ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை இயற்ற வேண்டும். உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் அந்த நாட்டுச் சட்டம்தான்.

இப்படி ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பணியாற்றிய ஹோவர்ட் வில்கின்சன், வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் கணக்கைப் பார்த்து உறுத்தலடைந்தார். வங்கியில் அதற்குப் பெரும் பணப் புழக்கம். பிரிட்டனில் அது தாக்கல் செய்திருந்த கணக்கிலோ செயல்படாத நிறுவனம் என்று இருந்தது. 2013 டிசம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் இருந்த மேலதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அடுத்த ஆண்டு வங்கியை விட்டு வெளியேறினார். 2007 முதல் 2015 வரை அந்தச் சிறிய கிளை வழியாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 200 பில்லியன் யூரோ போயிருந்தது என்று வங்கியே 2018-ல்தான் ஒப்புக்கொண்டது. அதே 2018-ல், ரகசியமாக இருந்திருக்க வேண்டிய அவருடைய பெயர் பத்திரிகையில் வந்துவிட்டது.

லக்சம்பர்க்கில் கதை வேறு. பெரிய நிறுவனங்களுக்கு அந்நாட்டு அரசு கொடுத்த வரிச் சலுகை ஒப்புதல்கள் 2014-ல் அம்பலமாயின. இது தொடர்பான ஆவணங்களை வெளியே கொடுத்த தணிக்கை நிறுவன ஊழியர்கள் இருவர் மீது வழக்குப் பாய்ந்தது. அவர்களில் ஒருவரான ரஃபாயேல் ஹாலேவுக்கு 1,000 யூரோ அபராதம். அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு தீர்ப்பளித்தபோது 2023 பிப்ரவரி ஆகிவிட்டது.

யாருக்கு, எதற்கு?

நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பகுதிநேர ஊழியர், ஏஜென்சி வழியாக வந்தவர், துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர், சம்பளம் இல்லாத பயிற்சியாளர், தன்னார்வலர், வேலையை விட்டுப் போனவர், நேர்காணலுக்கு வந்தபோது ஒன்றைத் தெரிந்துகொண்டவர் என எல்லோரும் இதற்குள் வருவார்கள். உங்களுக்கு உதவிய சக ஊழியருக்கும், அதே இடத்தில் வேலை செய்வதால் பழிவாங்கப்படக்கூடிய உங்கள் உறவினருக்கும்கூடப் பாதுகாப்பு உண்டு. கணவனும் மனைவியும் ஒரே சமையலறையில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களுக்கு இது முக்கியம்.

எதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். அரசு ஒப்பந்தங்கள், பணமோசடி, உணவுப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், பொதுச் சுகாதாரம், தனிநபர் தரவு, ஒன்றியத்தின் பணம் போன்று ஒன்றியச் சட்டம் தொடும் துறைகளைத்தான் டைரக்டிவ் காக்கிறது. இதைத் தாண்டி விரிவாக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. ஜெர்மனி தன் சட்டத்தில் எல்லாக் குற்றச் செயல்களையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே லஞ்சம் எந்தத் துறையில் நடந்தாலும் அங்கே சொல்லலாம். ஆனால் உங்களுக்கு ஓவர்டைம் கொடுக்கவில்லை, மேலாளர் திட்டுகிறார், பதவி உயர்வு தரவில்லை என்பதெல்லாம் உங்கள் சொந்த வழக்கு. அதற்குத் தொழிற்சங்கமும் தொழிலாளர் நீதிமன்றமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே புகாரில் கலந்து எழுதினால், ஊழல் பற்றிய பகுதியும் தனிப்பட்ட மனக்கசப்பாகவே படிக்கப்படும். தனித்தனியாக எழுதுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்று கதவுகள் உண்டு. முதலாவது நிறுவனத்துக்குள்ளேயே இருப்பது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் புகார் வாங்கத் தனி வழி வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் இதை மெல்டெஸ்டெல்லே என்பார்கள். எழுத்திலோ வாய்மொழியாகவோ சொல்லலாம். நேரில் பேச வேண்டும் என்று கேட்டால் நியாயமான காலத்துக்குள் சந்திக்க வேண்டும். புகார் கிடைத்ததை 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். என்ன நடவடிக்கை என்று 3 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கதவு அரசு அமைப்பு. ஜெர்மனியில் பான் நகரில் இருக்கும் மத்திய நீதி அலுவலகத்தில் இதற்கென ஒரு பிரிவு உண்டு. வங்கி, நிதி விவகாரம் என்றால் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின். பிரான்ஸில் 'உரிமைகள் காப்பாளர்' அலுவலகம் சரியான துறைக்கு வழிகாட்டும். இத்தாலியில் ஊழல் தடுப்பு ஆணையமான அனாக். நெதர்லாந்தில் 'ஹைஸ் ஃபோர் க்ளோக்கன்லைடர்ஸ்' (முறைகேட்டை வெளியே சொல்பவர்களுக்கான இல்லம்) என்ற அமைப்பு 2016 முதல் ஆலோசனையும் தருகிறது. அரசு அமைப்புகளில் பதிலுக்கு 3 மாதம். தக்க காரணம் இருந்தால் 6 மாதம் ஆகலாம்.

முதலில் உள்ளே சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று முதலாளிகள் சொல்வதுண்டு. டைரக்டிவில் அப்படி நிபந்தனை இல்லை. உள்ளே சொல்லும்படி ஊக்குவிக்கிறது, அவ்வளவுதான். பிரான்ஸில் பழைய சட்டத்தில் அந்த நிபந்தனை இருந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் அது போய்விட்டது. 60 பேர் உள்ள குடும்ப நிறுவனத்தில் புகார் வாங்குகிறவர் முதலாளியின் மச்சானாக இருந்தால், நானாக இருந்தால் நேராக இரண்டாவது கதவுக்குத்தான் போவேன்.

மூன்றாவது கதவு பத்திரிகை, சமூக ஊடகம். சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அரசு அமைப்பிடம் சொல்லியும் காலக்கெடுவுக்குள் ஒன்றும் நடக்காதபோதும், பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து இருக்கும்போதும், அதிகாரியே உடந்தை அல்லது ஆதாரம் அழிக்கப்படும் என்று நம்ப இடமிருக்கும்போதும் என இப்படிச் சில நிலைகளில் மட்டுமே இந்தக் கதவுக்குப் பாதுகாப்பு. கோபத்தில் முதல் வேலையாக ஃபேஸ்புக்கில் நேரச்சீட்டைப் படம் எடுத்துப் போட்டால், நீங்கள் சொன்னது முழுக்க உண்மையாகவே இருந்தாலும் பாதுகாப்புப் போய்விடக்கூடும்.

பழிவாங்கினால்?

டைரக்டிவின் உயிர் 21-ஆவது பிரிவில் இருக்கிறது. நீங்கள் புகார் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு வேலையை விட்டு நீக்கினார்கள். வழக்கமான வழக்கில், இது பழிவாங்கல் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். மேலாளரின் மனதில் இருந்ததை எந்தத் தொழிலாளியால் நிரூபிக்க முடியும்? இங்கே சுமை இடம் மாறுகிறது. புகார் கொடுத்ததையும் பாதிப்பு வந்ததையும் நீங்கள் காட்டினால் போதும். வேறு நியாயமான காரணத்துக்காகவே அதைச் செய்தோம் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும்.

பழிவாங்கல் என்பது பணிநீக்கம் மட்டும் இல்லை. பதவி இறக்கம், சம்பளக் குறைப்பு, வேலை நேரத்தை மாற்றுவது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது, மோசமான மதிப்பீடு எழுதுவது, வேறு எங்கும் வேலை கிடைக்காதபடி பெயரைக் கெடுப்பது, மனநலப் பரிசோதனைக்குப் போகச் சொல்வது வரை பட்டியல் நீள்கிறது. ஜெர்மனியில் பழிவாங்குபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. புகார் வழியே வைக்காவிட்டால் 20,000 வரை. வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த உரிமையை அது பறிக்காது.

நீங்கள் சொன்னது கடைசியில் தவறாகிப் போனால்? சொல்லும் நேரத்தில் உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். எந்த நோக்கத்தில் சொன்னீர்கள் என்பதும் கேள்வி இல்லை. மேலாளரை உங்களுக்குப் பிடிக்காது என்பதால் புகார் செல்லாமல் போகாது. பொய் என்று தெரிந்தே சொன்னால் மட்டும் தண்டனை உங்கள் பக்கம் திரும்பும்.

ஆதாரம் சேர்ப்பதில் ஒரு கோடு இருக்கிறது. வேலையின் போக்கில் உங்கள் கைக்கு வந்த நேரச்சீட்டை நகலெடுக்கலாம். மேலாளரின் கடவுச்சொல்லைத் திருடி அவருடைய கணினிக்குள் போனால் அது தனிக் குற்றம். இந்தச் சட்டம் அதைக் காப்பாற்றாது. எந்தத் தேதியில் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதி வீட்டில் வையுங்கள். புகார் கிடைத்ததாக வரும் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். நாளை சுமையை மாற்றப் போவது அந்தக் காகிதம்தான்.

பெயர் சொல்லாத புகாரை வாங்குவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்யலாம். பெயர் சொல்லாமல் கொடுத்து, பின்னால் யார் என்று தெரிந்துவிட்டாலும் பாதுகாப்புத் தொடரும். பெயர் சொன்னவரின் அடையாளத்தை, அவர் சம்மதமின்றிப் புகாரைக் கையாள்வோர் தவிர வேறு யாருக்கும் தெரிவிக்கக் கூடாது. விசாரணைக்கோ நீதிமன்றத்துக்கோ சட்டப்படி தேவைப்பட்டால் மட்டும் விலக்கு.

ஒன்றியத்தின் பணத்தில் கைவைத்திருந்தால் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒன்றியத்தின் மோசடித் தடுப்பு அலுவலகமான ஓலாஃப் விசாரிக்கும், ஆனால் வழக்குப் போட அதிகாரம் இல்லை. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பியப் பொது வழக்குத்தொடுநர் அலுவலகம் வழக்கே போடும். ருமேனியாவில் ஊழல் தடுப்பு வழக்குகளால் பெயர் பெற்று, பின்னர் பதவி பறிக்கப்பட்ட லாரா கொவேஷி அதன் முதல் தலைவரானார். 2021 ஜூன் 1 அன்று 22 நாடுகளுக்காக வேலையைத் தொடங்கியது. பிறகு போலந்தும் ஸ்வீடனும் சேர்ந்தன. ஒன்றியத்தின் விவசாய மானியம், சாலைத் திட்டம், கொரோனா மீட்பு நிதி போன்றவற்றில் நடக்கும் மோசடி இவர்கள் பார்ப்பது.

டைரக்டிவைச் சட்டமாக்க 2021 டிசம்பர் 17 வரை கெடு. பல நாடுகள் தவறவிட்டன. ஜெர்மனியின் சட்டம் 2023 ஜூலை 2-ல்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்காக 2025 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கு 34 மில்லியன் யூரோ அபராதம் போட்டது.

சுவிஸில் இருப்பவர்கள் கவனிக்க: அது ஒன்றியத்தில் இல்லை, இந்த டைரக்டிவ் அங்கே பொருந்தாது. தனியார் ஊழியரைக் காக்கக் கொண்டுவந்த மசோதாவை 2020 மார்ச்சில் தேசிய சபை இரண்டாவது முறையாக நிராகரித்தது. நியாயமற்ற பணிநீக்கம் என்று வென்றாலும் அதிகபட்சம் 6 மாதச் சம்பளம்தான் இழப்பீடு. வேலை திரும்பக் கிடைக்காது. நார்வேயிலும் பிரிட்டனிலும் தனிச் சட்டங்கள் உண்டு. சுவிஸில் வேலை செய்பவர்கள் எழுத்தில் ஒன்றைக் கொடுக்கும் முன் தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ பார்த்துவிடுங்கள்.