பல்பு கேட்காத விதி

ஆய்வகத்தில் மாணவர்களிடம் ஒரு சின்ன டார்ச் பல்பைக் கொடுத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மின்னோட்டத்தைக் குறிக்கச் சொல்வேன். வரைபடம் வளைந்து போகும். உடனே சிலர் ரப்பரைத் தேடுவார்கள். நேர்கோடு வரவில்லையென்றால் தங்கள் அளவீடுதான் தப்பு, மின்னழுத்தம் கூடும் விகிதத்திலேயே மின்னோட்டமும் கூடும் என்கிற ஓம் விதி தப்பாகுமா என்பது அவர்கள் எண்ணம்.

வளைவுதான் சரி. இழை சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடுகிறது. ஓம் விதி என்பது, வெப்பநிலை மாறாதபோது சில பொருள்கள் நடந்துகொள்ளும் விதத்தை அளந்து எழுதியது; நிரூபிக்காமலே உண்மையென்று எடுத்துக்கொள்ளும் எடுகோள் அல்ல. மின்னோட்டத்தைப் பெரும்பாலும் ஒரே திசையில் விடும் டயோடு அதைச் சட்டையே செய்யாது.

சரி, இயற்பியலில் எடுகோளே கிடையாதா? உண்டு. ஐன்ஸ்டைன் 1905இல் இரண்டே எடுகோள்களிலிருந்து சிறப்புச் சார்பியலைக் கட்டினார். ஆனால் கணிதத்தில், ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஒரு இணைகோடுதான் உண்டு என்கிற இணைகோட்டு எடுகோளை மாற்றினால் இன்னொரு வடிவியல் கிடைக்கும். பழையதும் புதியதும் சேர்ந்தே வாழும். இயற்பியலில் எடுகோளின் விளைவுகளைச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும்.

எடுகோள் என்று யாரும் பெயர் வைக்காமலே எடுகோளாகிவிட்டவைதான் ஆபத்தானவை. கண்ணாடிப் பிம்ப உலகிலும் இயற்கையின் விதிகள் அப்படியே இருக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1956இல் லீ, யாங் என்ற இரு இயற்பியலாளர்கள் பழைய சோதனைகளைத் துழாவிப் பார்த்தார்கள். அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டாச் சிதைவு போன்ற, வலுகுறைந்த விசை என்கிற அடிப்படை விசையின் நிகழ்வுகளில் அதை யாருமே சோதித்திருக்கவில்லை! சியென் ஷியுங் வூ குழுவினர் கோபால்ட்-60 அணுக்களைத் குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, காந்தப்புலத்தால் அவற்றின் சுழற்சியை ஒரே திசையில் நிறுத்தினார்கள். எலக்ட்ரான்கள் சுழற்சித் திசைக்கு எதிர்ப்பக்கமே அதிகம் பாய்ந்தன. கண்ணாடிப் பிம்பத்தில் சுழற்சி திரும்பிவிடும், எலக்ட்ரான்கள் பாயும் திசை திரும்பாது. 1957இல் அந்த நம்பிக்கை உடைந்தது.

அதற்காக, ஒரு அளவீடு ஒத்துவரவில்லை என்றதும் விதியைத் தூக்கிப் போடுவதும் இல்லை. இதே பீட்டாச் சிதைவில் ஆற்றல் குறைவதாகத் தெரிந்தபோது, ஆற்றல் அழியாவிதியே அங்கே செல்லாதோ என்றுகூட இயற்பியலாளர் நீல்ஸ் போர் யோசித்தார். இன்னொரு இயற்பியலாளரான பவுலி 1930இல் விதியை வைத்துக்கொண்டு கண்ணுக்குச் சிக்காத ஒரு துகளை ஊகித்தார். அந்த நியூட்ரினோ பிடிபட 1956 ஆயிற்று. எப்போது விதியை விடுவது, எப்போது பிடித்துக்கொள்வது என்பதற்குச் சூத்திரம் இல்லை.

அப்புறம், அளந்து கண்டதே வரையறையாகிவிடுவதும் உண்டு: ஒளியின் வேகம். அளந்து அளந்து கூர்மையாக்கிய எண்ணை 1983இல் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிரந்தரமாக நிறுத்தி, அதைக் கொண்டே மீட்டரை வரையறுத்தார்கள். இனி ஆய்வகத்தில் ஒளியின் வேகத்தை அளப்பவர் உண்மையில் சோதிப்பது தன் அளவுகோலையும் கடிகாரத்தையும்தான்.