கிளாஸ் என்று பெயர் வைத்தால் என்ன கோபம்?

நிரல் எழுதப் பழகும் நாட்களில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. மாணவர் படிக்கும் வகுப்பைக் குறித்துவைக்க ஒரு மாறி, அதாவது மதிப்பைப் போட்டுவைக்க ஒரு பெயர், வேண்டும்; பைத்தான் என்ற நிரல் மொழியில் 'கிளாஸ் = 10' என்று எழுதுகிறோம். உடனே 'இன்வேலிட் சின்டாக்ஸ்' (இலக்கணம் தவறு) என்று திட்டு விழுகிறது. கிளாஸை எடுத்துவிட்டு கிரேடு என்று போட்டால் மறுபேச்சில்லாமல் ஓடுகிறது.

கிளாஸ் என்பது பைத்தான் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல். நாம் எழுதும் நிரல் முதலில் வெறும் எழுத்துச் சரம்தான். அதைச் சொல் சொல்லாகப் பிரிப்பது லெக்ஸரின் வேலை. எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் தொடரும்வரை அது படித்துக்கொண்டே போகும். இடைவெளியோ அடைப்புக்குறியோ வந்தால் நிறுத்தும். அப்புறம்தான், கையில் கிடைத்த சொல் ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்ற கேள்வி. இருந்தால் மொழியின் சொல், இல்லையென்றால் நாம் வைத்த பெயர். முழுச் சொல்லையும் படித்த பிறகே இந்தச் சோதனை நடப்பதால், 'ஃபார்மேட்' என்ற பெயரின் தலையில் இருக்கும் 'ஃபார்' என்ற ஒதுக்கப்பட்ட சொல் தொல்லை தருவதில்லை.

அடுத்து வரும் பார்ஸர் இலக்கணம் பார்க்கும். கிளாஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெயர் வரவேண்டும் என்பது அதன் கணக்கு. வந்ததோ சமக்குறி. அதனால்தான் திட்டு.

சரி, பட்டியலே வேண்டாம், சொல் நிற்கும் இடத்தைப் பார்த்துப் பொருள்கொள்ளக் கூடாதா? 1960களில் ஐபிஎம் உருவாக்கிய பிஎல்-ஒன் மொழி அப்படித்தான் செய்தது; அதில் ஒதுக்கப்பட்ட சொல்லே கிடையாது. 'இஃப் இஃப் = தென் தென் தென் = எல்ஸ்' என்று எழுதினாலும் ஏற்கும். முதல் இஃப் நிபந்தனை, இரண்டாவது மாறி. மூன்று தென்களில் நடுவில் இருப்பது மட்டுமே மொழியின் சொல். நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலருக்குப் புரிந்துவிடும், படிக்கிற மனிதருக்குத்தான் தலை சுற்றும். இதற்கு நேர் எதிர் கோபோல்: 300க்கும் மேற்பட்ட சொற்களை வளைத்துப் போட்டிருக்கிறது. 1989ஆம் ஆண்டுத் தரத்தில் சி மொழிக்கு 32 போதுமானதாக இருந்தது. ஜாவா கதை வேடிக்கை. 'கோட்டு' என்ற சொல்லை ஒதுக்கிவைத்திருக்கிறது, அதற்கு வேலை மட்டும் எதுவும் தரவில்லை.

உண்மையான தலைவலி, மொழி வளரும்போதுதான். 2018இல் வந்த பைத்தான் 3.7, 'அசிங்க்' என்ற சொல்லைப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை அதைத் தம் பெயராக வைத்திருந்த நிரல்கள், ஓர் எழுத்துகூட மாறாமலே, ஓடாமல் நின்றன. 2021இல் 'மேட்ச்' வந்தபோது பைத்தான் குழு ஜாக்கிரதையாக இருந்தது. ஏற்கெனவே எத்தனையோ நிரல்களில் அது மாறியின் பெயர். ஆகவே அதை முழுதாக ஒதுக்கவில்லை. வரியின் அமைப்பைப் பார்த்து பார்ஸரே முடிவு செய்துகொள்கிறது. பிஎல்-ஒன் போன அதே வழிதான், கொஞ்சம் அளவோடு.

கிளாஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு பைத்தானின் நடைக் கையேடு ஒரு வழி சொல்கிறது: சொல்லின் கடைசியில் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துவிடுங்கள். லெக்ஸர் அதையும் சேர்த்தே படிக்கும், பட்டியலில் தேடும், காணாமல் விட்டுவிடும்.