பேலன்ஸ்: நடையில் ஏது சமநிலை?

‘மெதுவாக நடந்தால் சமநிலை கூடும், வேகமாக நடந்தால் குறையும்.’ நடை பற்றிய மொழிபெயர்ப்பு எதை எடுத்தாலும் இந்த வரி வந்துவிடுகிறது. கருத்தும் தவறு, சொல்லும் தவறு. சொல் தவறியதால்தான் கருத்தும் சறுக்கியது என்பேன்.

பேலன்ஸ் லத்தீன் வழிச் சொல். ‘பி’ இரண்டு, ‘லான்க்ஸ்’ தட்டு, இருதட்டுத் தராசு. அதைப் பார்த்துச் ‘சமநிலை’ என்றார்கள். ‘சம’ வடமொழியாயிற்றே என்று சிலர் வருவார்கள்; அது எனக்குப் பொருட்டில்லை. பாடநூல்களில் சமநிலை என்றால் எதிரெதிர் விசைகளோ வினைகளோ ஒன்றுக்கொன்று ஈடாகி நிற்பது. நடையில் அப்படி எதுவும் நிற்பதில்லை.

நடந்துகொண்டே வலக்கால் தரையைவிட்டு எழும் கணத்தைக் கவனியுங்கள். உடலின் எடைமையம் இடப் பாதத்துக்கு நேர்மேலே வருவதில்லை. அதன் உட்பக்கமாகவே கடந்து போகிறது. ஆகவே உடல் வலப்பக்கம் சரியத் தொடங்குகிறது. வலப் பாதம் போதிய அகலம் தள்ளி ஊன்றி அந்தச் சரிவைப் பிடிக்கிறது. பிடித்த கையோடு இடப்பக்கச் சரிவு. ‘சமநிலை இழந்தார்’ என்று எழுதினால், நடப்பவர் எல்லோரும் அடிக்கு அடி இழந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் என்ற இயல்பான வேகத்தில், ஒரு பாதம் நடைச்சுற்றில் (ஒரு பாதம் தரையைத் தொட்டு மறுபடி அதே பாதம் தொடும் வரை) ஏறக்குறைய 60 விழுக்காடு தரையிலும் 40 விழுக்காடு காற்றிலும் இருக்கும். இருகாலும் சேர்ந்து ஊன்றுவது மொத்தம் 20 விழுக்காடு. வேகம் கூடக்கூட இது சுருங்கும். அற்றே போனால் அது ஓட்டம். மெதுநடையில் இது நீளும். இதை மட்டும் பார்த்துத்தான் ‘கூடும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒற்றைக்காலில் நிற்கும் நேரமும் அங்கே நீளுகிறது. பக்கவாட்டில் சரிய அவகாசம் கூடுவதால் இடவல ஆட்டம் பெருகும். அடிக்கு அடி நேரமும் ஏறி இறங்கும். வேகம் இயல்பை எட்டும்போது தாளம் சீராகும். அதையும் தாண்டி விரைந்தால், இடறியபின் காலைச் சரியாக ஊன்றத்தான் நேரம் போதாது.

எனவே ‘நிலைகாப்பு’ என்பதே பொருந்தும். ‘நிலைதடுமாறினான்’ என்று சொல்லும்போது தடுமாறுவது எதுவோ, அதைக் காப்பது. ‘நிலைத்தன்மை’ போதாதா என்றால், அது மேசைக்கும் உண்டு, விலைவாசிக்கும் உண்டு. நிலைகாப்பு தசையும் நரம்பும் செய்கிற வேலை.

இதே மொழிபெயர்ப்புக் கைகள்தான் நரம்பு தசைகளை ஆள்வதை ‘மோட்டார் கட்டுப்பாடு’ என்கின்றன. மோட்டார் என்றதும் தமிழில் கிணற்றடி நினைவுக்கு வருகிறது. ‘இயக்கக் கட்டுப்பாடு’ என்றால் அசையக்கூடாது என்று தடை போட்டதுபோல் இருக்கிறது. ‘அசைவாளுகை’ என்றால் குழப்பமில்லை. கெய்ட் என்பதற்கு ‘நடை’ என்ற இரண்டெழுத்து தயாராக இருக்க, அதை ‘நடத்தை’ ஆக்குவது இன்னும் மோசம். இடுப்புத் தசை தளர்ந்து சாய்ந்து நடப்பவரின் அறிக்கையில் ‘நடத்தைக் கோளாறு’ என்று அச்சிட்டால், அவர் வீட்டார் கேட்கப்போகும் கேள்வியே வேறு.